பல்வங்கர் பாலு: பந்து ஒன்று, கோப்பை வேறு

இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் (இயற்பியல்)

விளையாட்டில் நேர்மை என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வருபவை சில. ஆட்டமிழந்தது தனக்கே தெரிந்தால் நடுவர் விரலை உயர்த்தும்வரை காத்திராமல் வெளியேறுவது. தரையில் பட்ட பந்தைப் பிடித்துவிட்டதாக வாதிடாதிருப்பது. நடுவரின் தீர்ப்பு தவறென்று தோன்றினாலும் முகம் சுளிக்காமல் ஏற்பது. தோற்றபின் எதிரணியினரின் கையைக் குலுக்குவது. முறையற்ற செயல் எதுவாயினும் அது கிரிக்கெட் ஆகாது என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலேயரிடம் உண்டு. அந்த அளவுக்கு இவ்வாட்டமும் நேர்மையும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. 2000ஆம் ஆண்டில் கிரிக்கெட் விதிகளுக்கு ஒரு முன்னுரை சேர்க்கப்பட்டது. எதிரணியை மதித்தல், தன் அணித் தலைவரையும் தன் அணியையும் மதித்தல், நடுவரை மதித்தல் ஆகியன அதில் எழுதப்பட்டன.

இவை யாவும் எல்லைக் கோட்டுக்கு உள்ளே நிகழ்பவை. அக்கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும், தேநீர் வேளையில், யார் எங்கே அமர்வது, யாருக்கு எந்தக் கோப்பை என்பதில் நேர்மை வேண்டாமா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்க்கையாலேயே கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் அவரே எனலாம். சச்சினையும் தோனியையும் அறிந்த நம்மில் பலர் பாலுவை அறியோம். கிரிக்கெட் வரலாற்றை ஆராய்ந்த ராமச்சந்திர குகா 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் அவர் பெயர் மீண்டும் பரவலாகப் பேசப்பட்டது.

இம்மலரில் எழுத வேண்டும் என்று பேராசிரியர் பணித்தபோது நான் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வேங்கிக்காலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் டென்னிஸ் பந்தில் ஆடப்படும் ஆட்டங்களில் நான் பந்து வீசுபவன். பந்து வீசுவதற்கு மட்டுமே அழைக்கப்படுபவன் எப்படி இருப்பான் என்பது எனக்குத் தெரியும். பதினோராவது ஆளாக மட்டையைக் கையில் வாங்குமுன் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே பாலுவின் வரலாற்றைப் படித்தபோது அது நூறாண்டுக்கு முந்தைய கதையாக எனக்குத் தோன்றவில்லை.

பிறப்பும் இளமையும்

பாலு 1876ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். பல்வங்கர் என்பது கொங்கணக் கரையில் உள்ள பல்வன் என்னும் ஊரைக் குறிக்கும் குடும்பப் பெயர். தோல் வேலை செய்யும் சமார் சாதியைச் சேர்ந்த குடும்பம் அது. அன்றைய சமுதாயம் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கி வைத்த சாதி. தந்தையார் பூனா நகரில் இராணுவத்தைச் சார்ந்து பணியாற்றினார். வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிக் கழித்துவிட்ட மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு பாலுவும் அவருடைய தம்பி சிவராமும் ஆடப் பழகினர். தோல் வேலை செய்வோர் கை பட்டால் தீட்டு என்று சொன்ன ஊரில், தோலால் தைத்த பந்தை எல்லோரும் கையில் எடுத்து ஆடினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பள்ளிப் படிப்பை நீட்டிக்கக் குடும்பத்துக்கு வசதி இல்லை. பாலு பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கழகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆடுகளத்தைப் பெருக்குவது, உருளையை இழுத்துச் சமன் செய்வது, இடையிடையே உறுப்பினர்களுக்குப் பந்து போடுவது ஆகியவை அவருடைய பணிகள். மாத ஊதியம் மூன்று ரூபாய். பிறகு 1892 வாக்கில் ஐரோப்பியரின் பூனா கழகத்துக்கு மாறினார். அங்கே நான்கு ரூபாய். உருளை இழுப்பதோடு வலை கட்டுவதும் டென்னிஸ் திடலில் கோடு போடுவதும் சேர்ந்துகொண்டன.

நான்கு ரூபாய்ப் பந்து வீச்சாளர்

அந்தக் கழகத்தில் ஜே. ஜி. கிரெக் என்னும் இராணுவ அதிகாரி இருந்தார். அக்காலத்தில் இந்தியாவில் ஆடிய ஆங்கிலேயருள் தலைசிறந்த மட்டை வீரர் அவர். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி செய்வார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் பாலுவுக்கு அவர் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையானால், எட்டு முறை கிரெக்கை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம் வந்துவிடும்! ஏழைப் பையன் துல்லியமாக வீசக் கற்றுக்கொள்ள இதைவிடத் தூண்டுதல் வேறு வேண்டுமோ?

பாலு இடக்கையால் மெதுவாகச் சுழற்றி வீசுபவர். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என எண்ணுகிறேன். சுழன்று செல்லும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அதனால் பந்தின் இரு பக்கமும் காற்றழுத்தம் வேறுபடுகிறது. பந்து நேர்கோட்டை விட்டுச் சற்றே விலகுகிறது. பின்பு தரையில் பட்டதும் சுழற்சியின் உராய்வால் வேறு பக்கம் திரும்புகிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கைச் சுழற்பந்து காற்றில் உள்ளே வருவதுபோல் வந்து, விழுந்தபின் வெளியே போகும். இதனை நாள்தோறும் மணிக்கணக்கில், ஒரே இடத்தில் விழும்படி வீசுவதற்குக் கையும் பொறுமையும் வேண்டும். பாலுவுக்கு இரண்டும் இருந்தன. ஆடுகளத்தைத் தாமே உருட்டியவராதலால் அதன் ஈரமும் வெடிப்பும் அவருக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

ஆனால் பூனா கழகத்தில் இருந்த காலமெல்லாம் பாலுவுக்கு மட்டை கொடுக்கப்படவே இல்லை. மட்டை பிடிப்பது கனவான்களுக்கு உரியது; பந்து வீசுவது உழைப்பவனுக்கு உரியது என்பது அன்றைய எண்ணம். இது இந்தியாவில் தோன்றியதன்று. இங்கிலாந்திலேயே ஊதியம் பெறாமல் ஆடும் அமெச்சூர்கள் கனவான்கள் எனப்பட்டனர். கூலி பெற்று ஆடுவோர் வெறும் ஆட்டக்காரர்கள். ஒரே அணியில் ஆடினாலும் உடை மாற்றும் அறை வேறு. திடலுக்குள் நுழையும் வாயிலும் பல இடங்களில் வேறு. பெயரை அச்சிடும் முறைகூட வேறு. 1962ஆம் ஆண்டின் இறுதியில்தான் அந்தப் பாகுபாடு அங்கே ஒழிக்கப்பட்டது. நேர்மை என்னும் சொல்லைக் கிரிக்கெட்டுக்கு உரியதாக்கியவர்களே இரண்டு வாயில்களையும் கட்டினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

பந்து ஒன்று, கோப்பை வேறு

பூனாவில் இந்துக்களுக்கும் ஓர் அணி இருந்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்பது அவ்வணியின் ஆசை. பாலுவைப் போன்ற பந்து வீச்சாளர் வேறு எவரும் அந்நகரில் இல்லை. அவரைச் சேர்ப்பதா என்று விவாதம் எழுந்தது. தெலுங்கு பேசும் உறுப்பினர் சிலர் சேர்க்கலாம் என்றனர். உள்ளூர் உயர்சாதியார் சிலர் கூடாது என்றனர். பாலுவை விட்டுவிடுவது இந்துக்களின் மடமை என்று எதிரணியைச் சேர்ந்த கிரெக்கே கருத்துத் தெரிவித்தாராம். முடிவில் வெற்றியின் மீதுள்ள ஆசை தீட்டின் மீதுள்ள அச்சத்தை வென்றது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

எவ்வாறு சேர்க்கப்பட்டார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். திடலில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டனர். அதில் தீட்டு இல்லை. தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் பெவிலியனுக்குள் சென்று பீங்கான் கோப்பையில் அருந்தினர். பாலுவுக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. முகம் கழுவ வேண்டுமானால் அவரைப் போலவே ஒதுக்கப்பட்ட ஒரு வேலையாள் ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றுவார். நண்பகல் உணவு தனித் தட்டில், தனி மேசையில். அதன்பின் அவர் மீண்டும் திடலுக்குள் சென்று அதே அணிக்காக விக்கெட்டுகளை வீழ்த்த வேண்டும், வீழ்த்தினார்.

இதைப் படித்தபோது என் பாட்டியார் சொன்னது என் நினைவுக்கு வந்தது. அவர் சிறுமியாக இருந்தபோது எங்கள் பக்கத்து ஊர்களில் தேநீர்க் கடைக்குச் சென்றால், சுவரில் தொங்கும் தனிக் குவளையை எடுத்துக் குடித்துவிட்டுத் தாமே கழுவி வைக்க வேண்டும். இரட்டைக் குவளை முறை என்று நாம் பாடத்தில் படிப்பது அதுதான். பூனாவின் மண் குவளையும் நம் ஊரின் தகரக் குவளையும் உடன்பிறந்தவை அல்லவா?

பாலு தொடர்ந்து வெற்றி தேடித் தந்தார். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராக இருந்த சதாரா ஜிம்கானாவுக்கு எதிராக ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தி அணியை வெல்லச் செய்தார். நீதிபதியும் சமுதாயச் சீர்திருத்தவாதியுமான மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பொதுவிடத்தில் பாராட்டினார். பாலுவுடன் சேர்ந்து ஆட முடிகிறவர்கள் அவருடன் சேர்ந்து உண்ணவும் வேண்டும் என்பது ரானடேயின் கருத்து. மெல்ல மெல்லப் பாலுவின் தட்டு மற்றவர்களின் மேசைக்கு நகரத் தொடங்கியது. ஒரு விக்கெட்டுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்னையில் ஒரு மரத்தடி

இவ்விடத்தில் நம் மாநிலத்தையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது பொருந்தும். அதே காலத்தில் சென்னையில் புச்சிபாபு நாயுடு என்பவர் வாழ்ந்தார். 1868இல் பிறந்து 1908இல் மறைந்த அவர் மயிலாப்பூர் லஸ் பகுதியில் பெருஞ்செல்வக் குடும்பத்தில் வளர்ந்தவர். சேப்பாக்கத்தில் ஐரோப்பியரின் கிரிக்கெட் கழகம் இருந்தது. அங்கே ஆடச் செல்லும் இந்தியர்கள் பெவிலியனுக்குள் இடம் பெறவில்லை. மரத்தடியில் அமர்ந்து உணவு உண்ண வேண்டியிருந்தது. செல்வமும் ஆங்கிலக் கல்வியும் பெற்றிருந்தவரையே இது சுட்டது. அவர் 1888ஆம் ஆண்டில் இந்தியருக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்னும் கழகத்தைத் தோற்றுவித்தார். தம் பொருளைச் செலவிட்டு மட்டையும் பந்தும் உடையும் கொடுத்து இளைஞர்களை ஆட வைத்தார். சேப்பாக்கத்தில் இந்தியரும் ஐரோப்பியரும் மோதிய மாகாண ஆட்டம் அவருடைய முயற்சியின் விளைவே. தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று அவர் போற்றப்படுகிறார்.

இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் வெள்ளையர் இந்தியரை மரத்தடியில் அமர்த்தினர். பூனாவில் இந்தியர் தம் அணித் தோழரைப் பெவிலியனுக்கு வெளியே நிறுத்தினர். மேலே இருப்பவன் நம்மை ஒதுக்கினால் அநீதி என்று கொதிக்கும் நாம், நமக்குக் கீழே என்று நாமே வைத்துக்கொண்டவனை ஒதுக்கும்போது வழக்கம் என்று சொல்லிவிடுகிறோம். பாலுவின் வரலாறு கற்பிக்கும் முதல் பாடம் இதுவே.

பம்பாயில் பெற்ற வெற்றி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூனாவில் பிளேக் நோய் பரவியது. பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். அங்கே ரயில்வேயில் வேலை கிடைத்தது. 1894இல் தொடங்கப்பட்டிருந்த இந்து ஜிம்கானாவின் அணியிலும் இடம் கிடைத்தது. இங்கும் எதிர்ப்புக்குப் பிறகே கிடைத்தது. சிவராமும் அவருக்குப் பின் விட்டல், கண்பத் ஆகிய தம்பியரும் ஒருவர் பின் ஒருவராக ஆட வந்தனர். ஒரே குடும்பத்தின் நான்கு சகோதரர்கள்!

1906ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்துக்கள் முதலில் 242 ஓட்டங்கள் எடுத்தனர், ஐரோப்பியர் 191. இரண்டாம் முறை இந்துக்கள் 160, ஐரோப்பியர் 102. இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றனர். பாலுவின் பந்து வீச்சு அவ்வெற்றிக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட காலம் அது. ஆள்வோரை அவர்கள் ஆட்டத்திலேயே வென்றது நாடெங்கும் மகிழ்ச்சியாகப் பேசப்பட்டது. பிராமணரும் சமாரும் ஓரணியில் நின்று பெற்ற வெற்றி இது என்பதையும், பாலுவை இப்போது மற்றவர்களுடன் உணவுக் கூடத்தில் அமரவிட்டிருக்கிறார்கள் என்பதையும் சீர்திருத்த நோக்குடைய இதழ்கள் எடுத்துக் காட்டின.

1907 முதல் பார்சிகளும் சேர, முக்கோணப் போட்டி நடந்தது. 1912இல் முஸ்லிம்களும் சேர நாற்கோணப் போட்டியாக வளர்ந்தது. சமயத்தின் பெயரால் அணி பிரித்த இப்போட்டியை மகாத்மா காந்தி 1940இல் வெளிப்படையாகக் கண்டித்தார். 1946உடன் அது நின்றுபோயிற்று. ஆயினும் பாலுவின் காலத்தில் இந்தியக் கிரிக்கெட்டின் பெருந்திடல் அதுவே.

கடல் கடந்த புகழ்

1911ஆம் ஆண்டில் எல்லாச் சமயத்தினரும் அடங்கிய இந்திய அணி முதன்முதலாக இங்கிலாந்து சென்றது. பாட்டியாலா இளம் மன்னர் பூபிந்தர் சிங் அணித் தலைவர். பாலுவும் சிவராமும் அணியில் இடம்பெற்றனர். அணியைப் பொறுத்தவரை அது வெற்றிப் பயணம் அன்று. ஆடிய 23 ஆட்டங்களில் ஆறில்தான் வென்றது. ஆனால் பாலு தனித்து ஒளிர்ந்தார். அந்த ஆண்டு இங்கிலாந்தில் கடும் வெயில். காய்ந்து இறுகிய திடல் சுழற்பந்துக்கு உதவாது. வயதோ முப்பத்தைந்து, தோளில் வலி. அந்நிலையிலும் பயணம் முழுவதும் சேர்த்து 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 18.84 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே முறையில் 103 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகள்! பூனாவில் மட்டை தொட அனுமதி பெறாத பணியாளர், இங்கிலாந்தின் கனவான்கள் ஆடும் திடல்களிலேயே அவர்களைத் திணறச் செய்தார்.

அவர் திரும்பி வந்தபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு அளித்தனர். அவ்விழாவில் வரவேற்புரை வழங்கும் பொறுப்பு ஒரு கல்லூரி மாணவருக்குக் கிடைத்தது. அம்மாணவர் பீமராவ் அம்பேத்கர். அம்மக்களின் முதல் நாயகன் ஒரு விளையாட்டு வீரர் என்பதும், அவரை வரவேற்றவர் பின்னாளில் அரசியல் சட்டத்தை வரைந்தவர் என்பதும் வரலாற்றின் அழகிய சந்திப்புகளுள் ஒன்று.

மறுக்கப்பட்ட தலைமை

இவ்வளவு புகழ் பெற்ற பின்னும் ஒன்று மட்டும் பாலுவுக்குக் கிட்டவில்லை. அது அணித் தலைமை. ஆண்டுதோறும் அவர் பெயர் பேசப்படும். ஆண்டுதோறும் உயர்சாதியைச் சேர்ந்த வேறொருவர் தலைவராவார். 1913இல் தலைவரான எம். டி. பை பெருந்தன்மை உடையவர். தமக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இப்பொறுப்பு மூத்தவரான பாலுவுக்குச் சேர்ந்திருக்க வேண்டியது என்று கூறினார். நேர்மை என்பது இதுவல்லவா? தனக்குக் கிடைத்தது தனக்கு உரியதன்று என்றால் அதை நாலு பேர் நடுவில் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

1920ஆம் ஆண்டு. நாற்கோணப் போட்டி நெருங்கியபோது பை நோயுற்றிருந்தார். இளையவரான டி. பி. தேவ்தர் தலைவராக்கப்பட்டார். பாலு அணியிலேயே சேர்க்கப்படவில்லை. விட்டலும் சிவராமும் அண்ணனுக்குப் பிறகு தகுதியில் முன்நின்றவர்கள். சாதி காரணமாகவே தாங்கள் புறக்கணிக்கப்படுவதாகப் பொது அறிக்கை விடுத்து இருவரும் அணியிலிருந்து விலகினர். பம்பாய் நகரே இதைப் பற்றிப் பேசியது. தீண்டாமை ஒழிப்பு நாட்டு விடுதலையோடு சேர்த்துப் பேசப்படத் தொடங்கியிருந்த காலம் அது. ஆதலால் சகோதரர்களுக்கு ஆதரவு பெருகிற்று. முடிவில், இறுதி ஆட்டத்துக்குப் பை தலைவராகத் திரும்பினார், பாலு துணைத் தலைவராக அழைக்கப்பட்டார், தம்பியரும் மீண்டனர். ஆட்டத்தின் நடுவே பை சிறிது நேரம் வெளியே சென்றுவிட, பாலு அணியை வழிநடத்தினார். கழகம் மறுத்த பதவியைச் சில மணி நேரமாவது நண்பர் ஒருவர் தந்துவிட்டார்.

இந்த விலகலைச் சிலர் ஒழுங்கீனம் என்று கருதக்கூடும். தேர்வுக் குழுவின் முடிவை ஏற்பதும் விளையாட்டு ஒழுக்கந்தானே என்று கேட்கக்கூடும். நான் இதை நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். நடுவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். அதில் பிழை நேரலாம். அதை ஏற்பது ஒழுக்கம். ஆனால் பிறப்பைப் பார்த்து முன்கூட்டியே எழுதப்பட்ட தீர்ப்பு நடுவரின் தீர்ப்பு ஆகாது. அதனை ஏற்றுக்கொண்டு தலையாட்டினால் ஆட்டத்தின் நேர்மையைக் காத்தவர் ஆகமாட்டோம். அச்சகோதரர்கள் திடலில் நின்று கூச்சலிடவில்லை, எவரையும் இழித்துரைக்கவில்லை, காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டு ஆட மறுத்தனர். அதுவும் விளையாட்டு ஒழுக்கத்தின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1923இல், விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு அணி ஐரோப்பியரை வென்றது. பார்வையாளர்கள் விட்டலைத் தோளில் தூக்கிச் சென்றனர். அண்ணன் விதைத்ததைத் தம்பி அறுவடை செய்தார். பாலு அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். முதல்தர ஆட்டங்கள் 33இல் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21 என்பது அவர் விட்டுச் சென்ற கணக்கு.

அரசியல் திடலில்

ஆட்டத்தை விட்ட பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதி வேண்டுமா என்ற பெரும் வாதம் எழுந்தது. காந்தி எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். நம் சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவுடன் சேர்ந்து பாலுவும் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று உருவான பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். தாம் உருளை இழுத்த அதே பூனா நகரின் பெயரால் வழங்கும் ஒப்பந்தம் அது.

1937 தேர்தலில் பம்பாய்ச் சட்டமன்றத்துக்குக் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். எதிர்த்து நின்றவர் டாக்டர் அம்பேத்கர். அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். முன்பு வரவேற்றவரும் வரவேற்கப்பட்டவரும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. ஒருவர் சேர்ந்து ஆடியே உள்ளே நுழையலாம் என்று நம்பினார். மற்றவர் விதிகளையே மாற்ற வேண்டும் என்று உணர்ந்தார். அந்த வாதத்தில் என் நெஞ்சம் அம்பேத்கர் பக்கமே சாய்கிறது. ஆனால் பாலுவின் நம்பிக்கையை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்த நம்பிக்கையைத் தம் தோள்வலியால் சம்பாதித்தவர்.

பாலு 1955ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 1 அன்றுதான், தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. உணவகத்தில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுத்தால் தண்டனை என்று அச்சட்டம் கூறியது. மண் குவளையில் தேநீர் அருந்திய மனிதர், தனிக் குவளை குற்றம் என்று நாட்டுச் சட்டம் சொல்லும் நாளைக் கண்டபின்பே கண்மூடினார்.

நமக்கு உரியது

பௌர்ணமி இரவில் நம் மலையைச் சுற்றி லட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். பக்கத்தில் நடப்பவர் யார், எந்தத் தெரு என்று எவரும் கேட்பதில்லை. விடிந்தபின் அவரவர் தெருவுக்குத் திரும்பியதும் பழைய கேள்விகள் திரும்பிவிடுகின்றன. கிரிக்கெட் திடலும் ஏறத்தாழ அப்படித்தான். ஆடும்வரை எல்லோரும் ஓரணி. ஆட்டம் முடிந்தபின் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பார்த்தால் வேறு அணிகள் தெரியும்.

நாம் ஆடுவது பணத்துக்காக அன்று. நம் கல்லூரி ஆட்டமும் ஊர்க் கோப்பை ஆட்டமும் அமெச்சூர் ஆட்டங்களே. தொலைக்காட்சியும் மூன்றாம் நடுவரும் நமக்கு இல்லை. பல சமயங்களில் மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்தவரே நடுவராக நிற்கிறார். ஆகவே நம் ஆட்டம் முழுவதும் நம் மனச்சாட்சியை நம்பியே நடக்கிறது. தன் நண்பன் ஆட்டமிழந்தான் என்று கைதூக்கும் அந்த நடுவரைப் பார்க்கும்போது எனக்குப் பெருமை உண்டாகும். அதே நேர்மையைச் சற்று விரித்துப் பார்க்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

விரிப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வலைப் பயிற்சியில் பந்து வீசியவருக்கும் மட்டை பிடிக்கப் பத்து நிமிடம் கொடுக்கலாம். தண்ணீர்க் குடம் ஒன்றாகவும் குவளை ஒன்றாகவும் இருக்கலாம். அணித் தலைவரை ஆட்டத்திறனும் அறிவும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். யார் வீட்டுப் பிள்ளை என்பதைக் கேளாதிருக்கலாம். காலையில் முதலில் வந்து சுண்ணாம்புக் கோடு போடுபவரிடம், இன்று நீயும் ஆடுகிறாயா என்று ஒருமுறை கேட்கலாம். அவரிடம் ஒரு பாலு இருக்கக்கூடும், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரைக் கேட்பதே முறை.